நைனா வண்டி ஓட்டுவதை நிறுத்திய கதை

எங்கள் நைனா எக்ஸ்எல் வண்டியை விட்டுவிட்டார் என்ற செய்தி புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. லிங்கிச் செட்டித் தெருவில் நான் கணக்கு எழுதும் கிளியரிங் ஆபீசில்கூட இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வீட்லயும் இதே கதைதாங்க, எப்படிச் சம்மதிக்க வெச்சீங்க?" என்று கேட்டார்கள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நைனாவுக்கு 74 வயது. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பெரும்பாலும் ஜவகர் டாக்கில் வேலை. உர மூட்டையோ, இரும்புச் சுருளோ, மரத்தடியோ, எதுவானாலும் தரையில் சத்தம் கேட்காமல் இறக்குவார் என்று அவருடைய கூட்டாளிகள் இன்றைக்கும் சொல்வார்கள். ரிட்டயர் ஆன பணத்தில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அந்த டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர். இப்படிப்பட்டவரிடம் போய், "உனக்கு வயசாயிடுச்சு நைனா, வண்டி ஓட்ட வராது" என்று சொன்னால், "எனக்கா?" என்று ஒரு பார்வை பார்ப்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே ஓட்ட வருமா வராதா என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அவருக்கு ஓட்ட வரும். இன்றைக்கும் வரும். விஷயம் வேறு இடத்தில் இருந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் அம்மா. வாயைத் திறந்து அவள் எதுவும் சொல்லவில்லை, வண்டியின் பின்னால் உட்கார்வதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு இரண்டு பேரும் எக்ஸ்எல்லில்தான் போவார்கள். திடீரென்று, "முட்டி வலிக்குது, ஏறி உக்கார முடியல, நான் பஸ்சுல போறேன்" என்று ஆரம்பித்தாள். அதே முட்டியோடு பஸ் படி ஏறினாள். கேட்டால், "பஸ்சுலதான் பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்லையே" என்பாள். 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் புருஷனைக் குறை சொல்ல மனம் வராமல்தான் அவள் பஸ் ஏறினாள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அம்மா பின் சீட்டில் ஏறத் தயங்க ஆரம்பித்திருந்தால், ஒருநாள் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிவதற்கு ரொம்ப நாள் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் வண்டியைப் பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடி புதிதாக மாற்றியிருந்தது. இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் வளைந்திருந்தது. லெக் கார்டில், அதுவும் இடப்பக்கம்தான், யாருடைய வண்டியின் நீலப் பெயின்ட்டோ ஒட்டியிருந்தது. வலப்பக்கம் ஒரு கீறல் கிடையாது. "நிறுத்தி வெச்சிருந்தேன், எவனோ இடிச்சிட்டுப் போய்ட்டான்" என்றார் நைனா. எல்லோருமா இடப்பக்கமே இடிப்பார்கள்?

எங்கள் பக்கத்துச் சாலைகளைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் பயந்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராயபுரம், காசிமேடு தாண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், ஹார்பருக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். 40 அடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரும் அந்த வண்டி இடப்பக்கம் திரும்பும்போது, கேபின் அகலமாகச் சுற்றும், பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கேபினை ஒட்டி இடப்பக்கம் நிற்கிற மொபெட்டோ சைக்கிளோ அந்த டிரைவரின் கண்ணுக்குப் படாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் படாது. அதனால் அந்த ரோட்டில் டிரைவர் நம்மைப் பார்ப்பார் என்று நம்பி வண்டி ஓட்ட முடியாது, நாம்தான் அவரைப் பார்த்தாக வேண்டும். ஓரக்கண்ணில் ஒரு பெரிய உருவம் அசைந்தாலே கை பிரேக்கைப் பிடித்துவிட வேண்டும். அந்த ஓரக்கண்தான் இங்கே உயிர்.

தம்பி ஓசூரில் இருக்கிறான். போனில் அவன் சொன்ன வழி, "அக்கா, சாவிய ஒளிச்சு வை. இல்லேன்னா பிளக்கைக் கழட்டிடு." இது எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்கிற யோசனை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிரேன் ஓட்டியவருக்குப் பிளக் இல்லாததைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்டுபிடித்த பிறகு, அவர் கண்ணைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அதுவும் சூழ்ச்சியாகத்தானே தெரியும்? புத்தி தெளிவாக இருக்கிற ஒரு மனிதரை ஏமாற்றிச் சம்மதிக்க வைக்கக் கூடாது. இதில் நான் உறுதியாக இருந்தேன். ஞாபக மறதி நோய் வந்தவர்களின் விஷயம் வேறு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கல்மண்டபத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, எங்கேயோ போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். அவருக்கு எடுத்துச் சொன்னாலும் மறுநாள் நினைவில் இருக்காது. அந்த வீட்டில் வண்டியையே கண்ணில் படாமல் அப்புறப்படுத்தினார்கள். அது சரிதான். ஆனால் நைனா காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர், பென்ஷன் கணக்கைப் பைசா சுத்தமாக வைத்திருக்கிறவர். அவருக்குக் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அரசாங்கமே நிறுத்திவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் இத்தனை வயதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 55 வயதுக்கு மேல் லைசென்சைப் புதுப்பித்தால் ஒவ்வொரு தடவையும் ஐந்து வருடத்துக்குக் கொடுக்கிறார்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் இருக்கிற கேள்விகளை நான் உட்கார்ந்து படித்தேன். 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட் நல்ல பகல் வெளிச்சத்தில் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, காது கேட்கிறதா. நல்ல கேள்விகள்தான். ஆனால் நைனா போன முறை புதுப்பித்தபோது, ஒரு சின்ன கிளினிக்கில் கண்ணைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். லைசென்ஸ் வந்துவிட்டது. "கவர்மென்ட்டே குடுத்துட்டான், நீ இன்னா வேணான்ற?" என்று அந்த அட்டையை என்னிடம் நீட்டினார்.

நம்பர் பிளேட் பரீட்சையில் அவர் உண்மையாகவே பாஸ். வாசலில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் திரும்புகிற ஆட்டோவைக் காட்டி, "டிஎன் 03, படிக்கட்டா?" என்று நம்பரைச் சரியாகப் படிப்பார். பொய் இல்லை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பதை அவர் போடாமலே படித்தார். அதனால்தான் கண் விஷயத்தை நம்ப வைப்பது கஷ்டமாக இருந்தது. நேரே பார்க்கிற பார்வை அவருக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வயதானவர் வண்டியில் தடுமாறினால் உடனே "வயசு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புரை என்றால் எதிரே வரும் ஹெட்லைட் கண்ணைக் கூசும், ஆபரேஷன் செய்தால் சரியாகும். கழுத்து எலும்பு தேய்ந்திருந்தால் திரும்பிப் பார்க்க முடியாது. சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துப்போய் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. சளிக்கோ அரிப்புக்கோ கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். இதில் சரி செய்யக்கூடியது எது, முடியாதது எது என்று தெரியாமல் சாவியைக் கேட்பது நியாயமில்லை. புரையாக இருந்தால் ஆபரேஷன் முடித்துவிட்டு அவர் நிம்மதியாக ஓட்டட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அதை அவரிடம் சொன்னேன். "டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லேன்னா இந்தப் பேச்ச நான் எடுக்க மாட்டேன், நைனா. அதுவரைக்கும் இருட்டின பிறகு வேணாம், எக்ஸ்பிரஸ் ரோடு வேணாம்." யோசித்துவிட்டு, "செரி" என்றார். டெஸ்ட்டில் ஜெயிப்போம் என்று அவருக்கு நம்பிக்கை.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனோம். 1819-இல் தொடங்கியது, ஆசியாவிலேயே முதல் கண் மருத்துவமனை என்று சொல்வார்கள். கண்ணுக்குள் பார்ப்பதற்காக மருந்து விடுவார்கள், விட்டால் பல மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. அதனால் மெட்ரோவில் போகலாம் என்றேன், மறுக்கவில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவை நீட்டியது 2021 பிப்ரவரியில். நைனா வீட்டிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம். இத்தனை வருடமாக நைனா அதன் தூண்களுக்கு அடியில் எக்ஸ்எல்லில் போயிருக்கிறாரே தவிர, மேலே ஏறியதில்லை. லிப்டில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, புது வண்ணாரப்பேட்டையை விட்டு ரயில் சுரங்கத்துக்குள் இறங்குகிற வரைக்கும் கண் எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சென்ட்ரலில் மாறி எழும்பூர்.

கண்ணில் அழுத்தம் அதிகம் என்றார்கள். பின்னால் உள்ள நரம்பைப் பார்த்துவிட்டு ஃபீல்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். இந்த டெஸ்ட்டைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணை மூடிவிட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்னதாக ஒளி வந்துபோகும், சிலது பளிச்சென்று, சிலது மங்கலாக. தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். கண்ணை ஓட விடக் கூடாது. நைனா கிரேன் கேபினில் உட்கார்ந்த ஆள், அசையாமல் உட்கார்ந்தார். வெளியே வந்ததும், "மிஷின் ரிப்பேர்ம்மா. பாதி நேரம் லைட்டே வரல" என்றார்.

லைட் வந்துகொண்டுதான் இருந்தது.

காகிதத்தில் இரண்டு வட்டம். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக. வலக்கண்ணில் கொஞ்சம், இடக்கண்ணில் நிறைய. முதல் தடவை பழக்கமில்லாமல் தப்பு வரலாம் என்று அந்த டாக்டரம்மாவே இன்னொரு நாள் வரச் சொன்னார், இரண்டாவது காகிதமும் அதே இடங்களில் கறுத்திருந்தது. கிளாக்கோமா. கண் நீர் அழுத்த நோய். வலி இருக்காது. நேர்ப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும், ஓரங்கள்தான் முதலில் போகும். போன இடம் கறுப்பாகத் தெரிவதும் இல்லை, சுற்றி இருப்பதை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும் என்றார். போனது திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். வண்டியின் கீறல்களைப் பற்றி நான் அங்கே பேச்செடுக்கவில்லை. இடப்பக்கக் கீறல்களையும் அந்தக் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்தது நான் மட்டும்தான். "வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்று நைனாவே கேட்டார். "வேண்டாம் தாத்தா" என்றார் அந்தப் பெண். அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு தெளிவாக. அதற்கு நான் அவருக்கு எப்போதும் நன்றி சொல்வேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பிடவில்லை. "பென்ஷன்காரன்னா எல்லாரும் நோயாளிதான் இவங்களுக்கு" என்றார். "வூட்டுக்குள்ள மொடங்கிக் கெடக்கச் சொல்றியா?" என்று என்னிடம் கத்தினார். நான் பதில் பேசவில்லை. பேரப் பிள்ளைகள் எதிரில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் முன்னால் தோற்கிற மாதிரி ஆகிவிட்டால் எந்தத் தாத்தாவும் பிடித்த பிடியை விட மாட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு கைய வெச்சு ஒரு டெஸ்ட் பண்ணிச்சே, அத இங்க பண்ணு." டாக்டர் எதிரில் உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்து, "எப்போ தெரியுது சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். அதை நாங்கள் கூடத்தில் செய்தோம். முதலில் என்னை உட்கார வைத்து அவர் விரலை ஆட்டினார். தோளுக்கு நேராக வரும்போதே எனக்குத் தெரிந்தது, சொன்னேன். அப்புறம் அவர் உட்கார்ந்தார். வலக்கண்ணை மூடிக்கொண்டார். நான் இடப்பக்கமிருந்து விரலை ஆட்டினேன். "ஆரம்பி" என்றார். ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். "ஆரம்பிம்மா" என்றார் திரும்பவும். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான், "இப்ப" என்றார். மேலிருந்து, கீழிருந்து, எல்லாத் திசையிலும் செய்யச் சொன்னார். எந்த இடத்தில் தெரிகிறது என்று தானே கணக்கு வைத்துக்கொண்டார். மிஷினை நம்பாதவர் என் விரலை நம்பினார். எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று நடந்தே போனார். வண்டி வாசலில் நின்றது.

அவர் முழுதாக ஒத்துக்கொண்டது காசிமேட்டில்தான். அங்கே ஒரு டீக்கடையில் பழைய ஹார்பர் ஆட்கள் காலையில் கூடுவார்கள். அதில் ஒருவரைச் சின்ன வயதிலிருந்து நாங்கள் சிக்னல் மாமா என்று கூப்பிடுவோம். நைனாவின் கிரேனுக்கு ரொம்ப வருடம் சிக்னல் கொடுத்தவர். கிரேனில் இருப்பவருக்குக் கப்பலின் அறைக்குள் என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. ஹேட்ச் என்கிற அந்த அறையின் மேல்வாய் ஓரத்தில் நின்று ஒருவர் கையைக் காட்டுவார். தூக்கு, இறக்கு, மெதுவாக, நிறுத்து. அந்தக் கையைப் பார்த்துத்தான் டன் கணக்கில் சரக்கு இறங்கும், அடியில் மனிதர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். நிறுத்து என்பதை மட்டும் சிக்னல்காரர்தான் காட்ட வேண்டும் என்று இல்லை. யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இது கிரேன் வேலையின் முதல் பாடம், நைனாவே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

நான் சிக்னல் மாமாவைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். என்ன பேச வேண்டும் என்று எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் பேசியதை நைனாவேதான் வீட்டில் வந்து சொன்னார்.

"ஹேட்ச்சுக்குள்ள நீ எப்பனா எட்டிப் பாத்திருக்கியா? நான் கைய காமிச்சேன், நீ எறக்குன. ஒரு ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. இப்ப உன் பொண்ணு கைய காமிக்குது. நிறுத்துப்பா."

பெற்ற பிள்ளை சொல்வதும் கூட வேலை பார்த்தவர் சொல்வதும் ஒன்றில்லை. பிள்ளை சொன்னால் அதில் பாசமும் பயமும் கலந்திருக்கிறது, "இவளுக்கு எப்பவும் பயம்தான்" என்று தள்ளிவிடலாம். கூட்டாளி சொன்னால் தள்ள முடியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். மில்லில் கூட வேலை பார்த்தவரோ, கோயிலில் பக்கத்தில் உட்கார்கிறவரோ. அவரைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் உதவியது. "உனக்கு ஏதாவது ஆயிடும்" என்று நான் சொன்னபோதெல்லாம், "ஆனா ஆவட்டும், இன்னும் எத்தினி நாளு" என்றார். அந்தப் பேச்சு அவரிடம் செல்லவில்லை. ஆனால் தூக்கிய சரக்கை ஆள் தலைக்கு மேலே கொண்டுபோவதில்லை என்பது அவர் ஆயுசுக்கும் காத்த விதி. காலையில் நாகூரான் தோட்டம் பக்கம் பிள்ளைகள் யூனிபார்மில் சாரை சாரையாக ரோட்டைக் கடக்கும். "இடப்பக்கத்துலேருந்து ஒரு குழந்த ஓடி வந்தா உனக்குத் தெரியுமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, அந்தக் கேள்வியை நானும் திரும்பக் கேட்கவில்லை.

சரி, சம்மதித்துவிட்டார். அடுத்து என்ன? நான் பார்த்த பல வீடுகளில் இங்கேதான் பெரியவர்கள் உடைந்து போகிறார்கள். வண்டியை வாங்கிக்கொள்கிறோம், அந்த வண்டி அவருக்குச் செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது என்று யோசிப்பதில்லை. "எங்க போணும்னாலும் சொல்லுப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிறோம். அதாவது, இனிமேல் டீ குடிக்கப் போகவும் நம்மைக் கேட்க வேண்டும். ஹார்பரில் ஷிப்ட் பார்த்த மனிதர், விடிகாலையில் எழுந்து தன் இஷ்டத்துக்குக் கிளம்பிப் பழகியவர், மகளுக்கு எப்போது லீவு என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? மாட்டார். திரும்பவும் வண்டியைத்தான் எடுப்பார்.

அதனால் நைனாவும் நானும் உட்கார்ந்து, அவர் எங்கெங்கே போகிறார் என்று எழுதினோம். காலை டீக்கு காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை மீன். வெள்ளிக்கிழமை கோயில். மணலியில் அத்தை வீடு. பென்ஷன் பேங்க், நவம்பரில் வாழ்வுச் சான்று. காலடிப்பேட்டையில் என் வீடு, பேரன் பேத்தி. எழுதிப் பார்த்தால் மெட்ரோ பாதியை எடுத்துக்கொண்டது. என் வீடு இரண்டாவது ஸ்டேஷன். கோயிலுக்குத் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் போதும். இப்போது அம்மாவும் கூடவே போகிறாள், முட்டி வலி பேச்சையே காணோம். மணலிக்குப் பஸ். சென்னையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் கொடுக்கிறார்கள், ஆறு மாதத்துக்குச் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம். ரேஷன் கார்டு, வயதுச் சான்று, போட்டோ கொண்டுபோனால் போதும். நைனா வாங்கவே இல்லை. "கியூவுல நிக்கறவனுக்கு அது" என்பார். இப்போது வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

சிக்கல் காசிமேடுதான். அங்கே மெட்ரோ கிடையாது, விடியாத நேரத்தில் ஷேர் ஆட்டோவையும் நம்ப முடியாது. போனில் ஆப் போட்டு ஆட்டோ கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். யாரோ முகம் தெரியாதவன் வந்து, ஓடிபி கேட்டு, மேப்பைப் பார்த்துக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அது நியாயம்தான். தெருமுனை ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்கார அண்ணன் இருக்கிறார், வெள்ளெனச் சவாரி எடுப்பவர். அவரோடு நைனா தானே பேசி, மாதக் கணக்கு வைத்துக்கொண்டார். காலையில் கொண்டுபோய் விட வேண்டும், திரும்பும்போது நைனா நடந்து வருவார் அல்லது போன் செய்வார். பணம் நைனாவின் பென்ஷனிலிருந்து. நான் கொடுக்கிறேன் என்று சொன்னதற்கு, "என் வண்டிக்கு நீயா பெட்ரோல் போட்ட?" என்றார். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆட்டோவுக்குக் கொஞ்சம்தான் அதிகம். அந்தக் கொஞ்சத்தை அவரே கொடுக்கட்டும். பணம் அவர் கையிலிருந்து போகிற வரைக்கும், கிளம்புகிற நேரமும் அவருடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க மட்டும் நான் கூடப் போகிறேன், ஏலச் சத்தத்தில் அவரோடு நிற்பது எனக்கும் பிடிக்கும் என்பதால். சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவதில் அவருக்கு இன்னும் யாரும் நிகரில்லை. நேர்ப்பார்வைதான் நன்றாக இருக்கிறதே.

வண்டியை யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்தார். தம்பி, "எவ்ளோ வந்தாலும் தள்ளிடு" என்றான். நைனா அவசரப்படவில்லை. காசிமேட்டில் மீன் கூடை எடுத்துப் போகிற ஒரு அக்காவின் பையனுக்குக் கொடுத்தார். விலையைக் குறைத்துத்தான் கொடுத்தார். ஆனால் 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, ஆர்.சி. பெயர் மாறும் வரை விடவில்லை. பெயர் மாற்றாமல் வண்டியைக் கைமாற்றினால், நாளைக்கு அது எங்கேயாவது மோதினால் பழைய சொந்தக்காரர்தான் கோர்ட் படி ஏற வேண்டும். இதைப் பல பேர் கவனிப்பதில்லை. நீங்களும் விற்பதானால் அதை முடித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அந்தப் பையனுக்குச் சோக்கை எப்போது இழுக்க வேண்டும், ஏற்றத்தில் லோடோடு எப்படி எடுக்க வேண்டும் என்று நைனா ஒரு காலை முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

கோபம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழை நாளில் ஆட்டோ வரத் தாமதமானால் வாசலில் நின்று என்னைத்தான் போனில் திட்டுகிறார். ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, "லெப்ட்ல ஒதுங்கு, லெப்ட்ல ஒதுங்கு" என்று அந்த அண்ணனுக்கு வழி சொல்கிறாராம். சொட்டு மருந்தை மட்டும் ஒரு வேளை தவறவிடுவதில்லை. காலண்டரில் டிக் அடிக்கிறார். அடுத்த ஃபீல்டு டெஸ்ட்டுக்கு மெட்ரோவில் தானே போய்க்கொள்வேன் என்கிறார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

கடைசியாக ஒன்று. கிளாக்கோமா பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், 40 வயதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். நான் பார்த்துவிட்டேன், எனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. தம்பி இன்னும் போகவில்லை. தினமும் ஓசூர் ஹைவேயில் பைக் ஓட்டுகிறான். டேய், இதை நீ படிப்பாய் என்று தெரியும். இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணு.